ஐந்து மூக்குகள்

இன்று காலை மாடிப்படி கழுவ வந்தவர் ஏதோ திரவத்தை ஊற்றினார். கதவிடுக்கு வழியாக அம்மோனியா நெடி உள்ளே வந்தது. அடுப்பில் வைத்த பாலை அப்படியே விட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடினேன். செருப்புகூடப் போடவில்லை. நீ போய் எட்டு மாதமாகிறது.

ஆமத்தூர்ப் பள்ளியில் ஒரே பெஞ்சு நாம். பன்னிரண்டாவது முடித்ததும் நீ ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசு வேலைக்குப் போனாய், நான் கல்லூரிக்கு. கடைசி வருட விடுமுறையில் நானும் உன்னோடு கம்பெனி வேனில் ஏறினேன். ஒரு அறையில் ஐந்து பெண்கள், வெடிமருந்து அடைக்கும் வேலை. ஒரு நாள் வேலைக்குப் போனபோது, முந்தின நாள் மழை பெய்திருந்தது. மருந்தில் ஈரம் பட்டால் தானாகவே சூடேறும், அம்மோனியா நெடி கிளம்பும் என்று எனக்கு அப்போது தெரியாது. உனக்குத் தெரியும்.

"ஏட்டி, மூத்திர நெடி அடிக்கு. எல்லாரும் எந்திரிச்சு வெளிய வாங்க."

போர்மேன் வாசலுக்கு வந்தார். நெடி வருகிறதா என்று ஒவ்வொருவராகக் கேட்டார். மற்ற மூன்று பேரும் இல்லை என்றார்கள். கடைசியாக என்னிடம் வந்தார். "எனக்கு ஒண்ணும் வரல அண்ணாச்சி."

"நாலு பேருக்கு வராத நெடி ஒனக்கு மட்டும் வருதோ? சீசன் நேரத்துல லோடு நிக்கணுமா?"

நீ எழுந்தாய். என் சடையைப் பிடித்து இழுத்தாய். மற்றவர்களை முதுகில் கைவைத்துத் தள்ளினாய். அவர்கள் நெடிக்குப் பயந்து வரவில்லை, உன் முகத்தைப் பார்த்துப் பயந்து வந்தார்கள். போர்மேன் மருந்துத் தட்டைப் பார்க்க உள்ளே திரும்பினார். "போகாதீக அண்ணாச்சி!" என்று நீ கத்தியதும், அவர் நின்றதும், கூரை எழும்பியதும் ஒன்றாக நடந்தன.

அவருக்கு ஒரு காது போனது. உயிர் யாருக்கும் போகவில்லை. எங்களைத் தள்ளிவிட்டுக் கடைசியாக வந்த உன் முகத்தில்தான் சூடான புகை அடித்தது. முகம் ஆறிவிட்டது. மூக்குக்கு மோப்பம் மட்டும் திரும்பவேயில்லை.

அதன்பிறகு உன் பயத்தை நான் பார்த்திருக்கிறேன். கேஸ் அடுப்பின் திருகை நாலைந்து தடவை தொட்டுப் பார்ப்பாய். நான் வந்தால் காபிக்கு முன்னால், "இங்கன வந்து மோந்து பாரு" என்பாய். எனக்கு ஒன்றும் வரவில்லை என்றாலும் நம்பமாட்டாய்.

நான் மதுரையில் மூளை ஆராய்ச்சியில் சேர்ந்ததும் அங்கே என்ன வேலை என்று கேட்டாய். நரம்பு செல்கள் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் ஒன்றுபோல நடப்பதில்லை என்றேன். சில லேசான நெடிக்கே துடிக்கும், சில நெடி முற்றினால்தான் அசையும். எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் லேசான நெடிக்கு மொத்தமாகப் பேசாமல் கிடக்கும், முற்றியதும் மொத்தமாகக் கத்தும். எவை துடிக்கின்றன, எவை இன்னும் சும்மா இருக்கின்றன என்பதை வைத்துத்தான் நெடி எம்புட்டு என்று மூளைக்குத் தெரிகிறது. அந்த வித்தியாசத்தைக் கோளாறு என்று நினைத்து நானும் ரொம்ப நாள் சராசரி எடுத்துக்கொண்டிருந்தேன். சராசரியில் லேசான நெடி காணாமல் போய்விடும்.

"ஒண்ணு மட்டும் துடிச்சா, அது நெசமா பொய்யான்னு மண்டைக்கு எப்படித் தெரியும்?"

அது எங்களுக்கே இன்னும் முழுசாகத் தெரியாது என்றேன்.

"தெரியாட்டி என்ன, மொதல்ல வெளிய வந்துரணும்" என்றாய். எழுந்துபோய் அடுப்புத் திருகை இன்னொரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டாய்: "அன்னைக்கு ஒனக்கு நெசமாவே வரலயா?"

"வரல" என்றேன்.

பிறகு இருமல் வந்தது. ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்து போய்விட்டாய். எட்டாம் நாள் வந்து உன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதும் சொல்லவில்லை.

அன்றைக்கு எனக்கும் நெடி வந்தது. லேசாக, ஒரே ஒரு மூச்சில். நீ வாய் திறப்பதற்கு முன்பே வந்தது. மூன்று பேர் இல்லை என்றதைக் கேட்டதும் என் மூக்கையே நான் நம்பவில்லை. உன் பக்கம் நான் ஒருத்தி நின்றிருந்தால் போர்மேன் வாசலில் நின்று பேச்சை வளர்த்திருக்க மாட்டார், புகை வருமுன் நீயும் எட்டிப் போயிருப்பாய்.

இப்போதெல்லாம் நாலு பேர் கூடி ஒன்றைச் சொன்னால், என் முறை வருவதற்குள், யார் முகத்தையும் பார்க்காமல், எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். குரல் நடுங்குகிறது. ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.