கானி ஷீன் சரிவின் சிவப்புக் கற்கள்

மார்ச் 11, திங்கள்

எங்கள் அலுவலகம் மொழி பார்த்துத்தான் உயிர்களைக் காப்பாற்றுகிறது. ஈராக்கின் குர்து நகரமான எங்கள் சுலைமானியாவில் வேலை செய்யும் வெளிநாட்டுக்காரர்களுக்கு, எந்தச் சாலையில் போகலாம், எந்த மலைப்பக்கம் போகக் கூடாது என்று தினமும் காலையில் ஆங்கிலத்தில் எழுதி அனுப்புவது என் வேலை. எங்கள் மொழியான குர்தியில் ஒரு வரிகூட அனுப்புவதில்லை. நாங்கள் என்ன, சாகாவரம் வாங்கி வந்தவர்களா?

மார்ச் 13, புதன்

கானி ஷீன் சரிவைப் பார்த்துவரப் போனோம். மழை விட்ட வெயில். மலை தூங்கி எழுந்தது போல மெல்லப் புகைந்துகொண்டிருந்தது. புல்லின் மேல் மேகத்தின் நிழல் நகர்வதைப் பார்த்தபடியே நின்றேன். எதற்கு வந்தோம் என்பதே மறந்துபோயிற்று. பழைய போரின் கண்ணிவெடிகள் அந்தப் பச்சைக்கு அடியில்தான் கிடக்கின்றன. வெடி கிடக்கும் இடத்தைக் காட்டும் எல்லைக் கற்களுக்கு ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் சிவப்பு. சிவப்புப் பக்கம் கால் வைக்கக் கூடாது.

சில கற்களைக் காணோம். கீழே சாலையோரம் கிடந்தன. யாரோ டீ போட அடுப்புக் கூட்டியிருக்கிறார்கள். சிவப்பின் மேல் கரி.

உடனே எழுதி அனுப்பினேன். எங்கள் புத்தாண்டான நவ்ரோஸை ஒட்டி வரும் வெள்ளிக்கிழமை அங்கே போகவிருந்த டென்மார்க் பொறியாளர் இங்க்ரித், "நல்ல வேளை சொன்ன" என்று பதில் போட்டாள்.

மார்ச் 14, வியாழன்

அடுப்புக் கூட்டியது அம்மாவின் தம்பி, பெஷ்ரவ் மாமா.

"தட்டையா, அளவா இருந்துச்சு, எடுத்தேன். கெட்டில் ஆடவே இல்ல" என்கிறார்.

"மாமா, அது எல்லைக் கல்."

"கல்ல எடுத்தவனுக்குத் தெரியாதா அது எங்க இருந்துச்சுன்னு? உங்கம்மாவுக்குக் கங்கர் வேணுமாம். நவ்ரோஸ் முடிஞ்ச வெள்ளிக்கிழமை மேல போய்ப் பறிக்கப்போறேன்."

கங்கர் முள்செடிதான். முட்டையோடு வதக்கினால் வீடே மணக்கும். அதற்காகவா? அம்மா சிரித்தாள்: "வெள்ளைக்காரங்களோட இருந்து இவளும் பயந்தாங்கொள்ளி ஆயிட்டா."

கத்தினேன். மாமா நிதானமாகச் சொன்னார்: "உன் கம்பெனி நம்ம பாஷையில அறிவிக்கட்டும். அன்னைக்கு நான் வீட்ல உக்காந்துக்கறேன். சத்தியம்."

மார்ச் 17, ஞாயிறு

குர்தியிலும் அறிவிக்கலாமா என்று மேலாளர் காக் ஹீவாவிடம் கேட்டேன்; காக் என்றால் அண்ணன். அவரும் எங்கள் தெருக்காரர்தான்.

"அது நம்ம வேலை இல்ல தங்கச்சி. நாம ஒண்ணு சொல்லி, அப்புறம் எவனுக்காவது கால் போச்சுன்னா பழி கம்பெனி மேல."

"சொல்லாமலே போச்சுன்னா?"

"பழி கண்ணிவெடி மேல."

சொல்லிவிட்டு டீயில் சர்க்கரை கலக்கினார்.

மார்ச் 19

கனவில் மலை மூச்சு விட்டது. ஒவ்வொரு மூச்சுக்கும் கற்கள் கொஞ்சம் நகர்ந்தன.

மார்ச் 20, புதன்

நானே குர்தியில் எழுதி, கரி படிந்த கல்லின் படத்தோடு ஃபேஸ்புக்கில் போட்டேன். முதல் ஆள்: "அடுப்பக் காட்டிட்ட, டோல்மா சாப்பாடு எங்க?" நிறைய பேர் சிரித்திருந்தார்கள். மாமாவும் எழுதியிருந்தார்: "இது நீ எழுதினது பொண்ணே. கம்பெனி எழுதட்டும்."

மார்ச் 22, வெள்ளி

கானி ஷீன் சரிவுக்குக் கீழே புத்தாண்டுக் கூட்டம்; சாலையோரப் புல்லில் மாமாவின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவரை எழுந்திருக்கவே விடவில்லை. மேளம், கைகோத்து ஆடும் வரிசை, வெயிலில் மின்னும் பாவாடைகள் — எல்லாம் தண்ணீருக்கு அடியில் நடப்பது போலிருந்தது. சாப்பிட்டதும் கண் அசந்துவிட்டேன்.

சத்தம் கனவில் கேட்டது என்றுதான் நினைத்தேன்.

மார்ச் 23

எழுத முடியல.

மார்ச் 25, திங்கள்

மாமாவுக்கு இடது கால், முழங்காலுக்குக் கீழே இல்லை. மயக்கம் தெளிந்ததும், "கங்கர் பையை யாராவது எடுத்தீங்களா?" என்று கேட்டார். அம்மா வெளியே போய்விட்டாள்.

நான் வேலைக்குப் போகாததால் சனிக்கிழமை அறிவிப்பைக் காக் ஹீவாவே எழுதியிருக்கிறார். ஆங்கிலத்தில். கானி ஷீனில் வெடிப்பு. நம் ஆட்கள் யாருக்கும் காயமில்லை.

நம் ஆட்கள். இவருடைய கல்யாணத்தில் வரிசையின் முன்னால் நின்று ஆடியவர் மாமா.

நேற்றே அவரிடம் ஆங்கிலத்தில் கேட்டு அனுப்பினேன். படித்துவிட்டார். இன்று மறுபடி அனுப்பினேன், குர்தியில்:

காக் ஹீவா, நம் ஆட்கள் என்றால் யார்? சொல்லுங்கள்.