பச்சை முகமும் சிவந்த காதும்

என் உயிர் எக்கா கோமதி,

நாளைக்கு உனக்கு வருஷ நினைவு. முன்னறைச் சுவரில் நீயே வரைந்த உன் முகம்தான் தொங்கப் போகிறது. அதற்காக வீட்டில் பெரிய சண்டையே போட்டுவிட்டேன்.

உன்னை நல்லதாக ஒரு போட்டோ எடுத்து வைக்காமல் போனோமே! அண்ணன் என்ன செய்தான் தெரியுமா? உன் ஓவியத்தைப் போனில் படம் பிடித்து ஸ்டூடியோவில் கொடுத்திருக்கிறான். செத்தவர்களுக்குப் பட்டும் நகையும் போட்டுப் படம் செய்வது சங்கரன்கோவிலில் புதிதா என்ன? நிறத்தை வெளுக்க வைத்து, கண் இரண்டையும் ஒரே அளவாக்கி, காதை மல்லிகைப்பூவால் மூடிக் கொண்டுவந்துவிட்டான். நீ இழுத்த தடித்த கறுப்புக் கோடு ஒன்றுகூட மிச்சமில்லை.

"நீ வரைஞ்சு வச்சது பேயடிச்ச மாதிரில்லா இருக்கு? வாரவங்க பயந்துருவாவ" என்று உன்னிடமே சொல்வதுபோல் ஓவியத்தைப் பார்த்துச் சொன்னான். எனக்கு வந்ததே கோபம்!

முகம் பச்சைதான். தறிக்கொட்டகை டியூப்லைட்டுக்குக் கீழே பகலெல்லாம் நின்றவள் முகம் வேறெப்படி இருக்கும்? இடது காதைப் பெரிதாக, ரத்தச் சிவப்பில் அப்பியிருக்கிறாய். விசைத்தறிச் சத்தம் தின்ற காதல்லவா அது! ஒரு கண் அகலத் திறந்திருக்கிறது, மற்றது வெறும் கோடு. யாராவது பேசினால் அப்படித்தான் ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு அவர்கள் வாயையே பார்ப்பாய். உன் உதடு மட்டும் ஒரே இழுப்பில் போட்ட குறுக்குக் கோடு. அது கோபமா, பிடிவாதமா? எனக்கு இன்னும் பிடிபடவில்லை எக்கா.

இதையெல்லாம் அண்ணனிடம் கத்தினேன். "வாரவங்களுக்கெல்லாம் நின்னு விளக்கம் சொல்லுவியாக்கும்?" என்றான். "சொல்லுதேன். உனக்கென்ன?" என்றேன்.

சத்தம் கேட்டு அம்மா வந்தாள். ஸ்டூடியோ படத்தை உற்றுப் பார்த்தாள்.

"யாரு வீட்டுப் பிள்ளைட்டி இது? லெச்சணமா இருக்கா."

அம்மா உன் ஓவியத்திடம் போனாள். சிவந்த காதை விட்டு, மறுபக்கமாக நகர்ந்து நின்றுகொண்டு, "ஏட்டி கோமதி, சாப்ட்டியா?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

அண்ணன் தேம்பித் தேம்பி அழுதான். பிறகு அவனே ஆணி அடித்தான்.

நாளை வருகிறவர்கள் என்ன கேட்டாலும் கேட்கட்டும். ஒரு கோட்டைக்கூட யாரையும் தொட விடமாட்டேன். பதிலை மெதுவாகவும் சொல்லமாட்டேன்.

உன்னிடம் தொண்டை கிழியப் பேசியே வளர்ந்த
உன் தங்கச்சி