ஜூஸ் வாசனை

வண்டியைத் தொடாதீர்கள். சாவியை மெக்கானிக்கம்மா கையோடு எடுத்துக்கொண்டு போகிறாள். காலையில் நீங்கள் வைத்த பெயர்தான்: "பெரிய மெக்கானிக்கம்மா! உள்ளதையும் பிரிச்சுப் போட்டுட்டா!" அவளுக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. ஆனாலும் சாப்பாடு அடுப்பின் மேல் மூடியிருக்கிறது.

ஒழுகுவது காருக்குள் சூடு தரும் ஹீட்டர்தான். முன் இருக்கையின் காலடி விரிப்பு சொதசொதவென்று ஊறிக் கிடக்கிறது. குழாய் சேரும் இடத்தில் ரப்பர் வளையம் வெடித்துவிட்டது. கடை மூடுவதற்குள் புதிதாக ஒன்று வாங்கிவர ஓடுகிறாள்.

ஷெட் கதவைச் சாத்தியே வையுங்கள். வாளியில் இருக்கும் பச்சைத் தண்ணீர் ஹீட்டரிலிருந்து வடித்த கூலன்ட், விஷம். பூனை வாய் வைத்துவிடும். டம்ளரில் ஏழு திருகாணி இருக்கிறது, குப்பை என்று கொட்டிவிடாதீர்கள். உங்கள் தம்பி வந்தால் அந்தப் பக்கமே விடாதீர்கள். அவர் கை பட்டால் ஏழு ஐந்தாகிவிடும்.

செருப்பு மாட்டியபிறகு திரும்பி வந்து எழுதுகிறேன். அந்தப் பச்சைத் தண்ணீரை முகர்ந்து பாருங்கள். தித்திப்பாக, ஜூஸ் மாதிரியே வாசனை. பத்து நாளாக வண்டியில் அடித்தது இதுதான். "ஜூஸை நான் கொட்டலைம்மா" என்று சின்னவள் எவ்வளவு அழுதாள்! அன்றிலிருந்து வண்டியில் அவள் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை.

அவளைத் திட்டியது மெக்கானிக்கம்மா இல்லை, நான். நீங்கள் முந்திக்கொண்டு அவளிடம் எதுவும் சொல்லிவிடாதீர்கள். நானே வந்து சொல்கிறேன்.