கனத்த மட்டி

சண்டைக்காரச் சன்னாசி மச்சானுக்கு,

சரி, தோற்றேன். கனத்த மட்டிச் சிப்பியில்தான் கறி அதிகம் என்று நான் சாதித்தது தப்புத்தான். நீ உயிரோடு இருந்தவரை ஒப்புக்கொள்ளாதவன் இப்போது ஒப்புக்கொள்கிறேன், போதுமா? அதற்காக அங்கே உட்கார்ந்து பல்லைக் காட்டாதே. இருந்ததே மூன்று பல், அதையும் கூடவே கொண்டுபோய்விட்டாய்.

உன்னோடு வாயடிக்க எனக்குத் தெம்பு இல்லை மச்சான். நீ போய் இரண்டு மாதம் ஆகிறது. இந்த லயத்து வரிசை வீடுகளில் என் காம்பராவுக்கும் உன் காம்பராவுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அந்தச் சுவருக்கு அப்பால் என் தங்கச்சி பேச்சி, நீ விட்டுப்போன உன் பெண்டாட்டி, வாய் திறக்காமல் கிடக்கிறாள்.

கருமாதிக்கு அழுததோடு சரி. பிறகு அழவும் இல்லை, பேசவும் இல்லை. தேயிலைக் கொழுந்து எடுக்கப் போவதில்லை. கஞ்சி கொண்டுபோய் வைத்தால் இரண்டு வாய் குடித்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள். கங்காணி காலைப் பெரட்டில் ஆள் எண்ணும்போது அவள் பெயரைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார்.

கெஞ்சினேன், திட்டினேன். "ஒன் புருசன் மேல போயி இந்நேரம் வேற ஒருத்திய பாத்திருப்பான்" என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். பழைய பேச்சியாக இருந்தால் விறகுக்கட்டை பறந்து வந்திருக்கும். ஒன்றும் வரவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. இவளும் போய்விட்டால் நான் யாரைச் சீண்டுவது?

நேற்று ராத்திரி தூக்கம் வராமல் மன்னார்க் கரையை நினைத்துக்கொண்டிருந்தேன். தோணியில் வந்து இறங்கிய கூட்டம் கங்காணிக்காக மணலில் காத்துக்கிடந்தது. நான் புதுக்கோட்டைப் பக்கத்து மேட்டுக்காட்டான், கடலையே அப்போதுதான் பார்த்தவன். பேச்சி தோணியில் குடலைக் கக்கிவிட்டுச் சுருண்டு கிடந்தாள். நீ தொண்டிக்காரன், கடலோடு வளர்ந்தவன். யார் எவர் என்று கேட்கவில்லை. வற்றிய தண்ணீரில் இறங்கி, கால்விரலால் துழாவித் துழாவி மட்டி எடுத்து வந்தாய். கரையிலேயே மூன்று கல் வைத்து வேகவைத்தாய். தண்ணீர்கூடத் தங்காத வயிற்றில் அவள் ஒரு சட்டி மட்டியை இறக்கினாள். இவன் மட்டி கொடுத்தே தங்கச்சியைக் கொண்டுபோய்விடுவான் என்று நான் அன்றே நினைத்தேன்.

இன்று ஞாயிறு. உன் மண்ணெண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு பதுளை ஓயா ஆற்றுக்கு இறங்கினேன். கடல் மட்டிக்கு நான் எங்கே போவேன்? நீயும் இந்த மலைக்கு வந்தபின் ஆற்று மட்டியைத்தானே தின்றாய். மழை இல்லாததால் தண்ணீர் முழங்காலுக்குக் கீழே ஓடுகிறது. ஆனால் குனிந்தால் இடுப்பு பிடிக்கிறது, நிமிர்ந்தால் தலை சுற்றுகிறது. நீ ஒவ்வொரு மட்டியின் இரண்டு ஓடுகளையும் விரல்களுக்கு நடுவில் பிடித்து, எதிரெதிராகத் தள்ளிப் பார்ப்பாய். உயிருள்ளது இறுக மூடிக்கொண்டு அசையாது. செத்துச் சேறு நிரம்பியது வழுக்கிக்கொண்டு பிரியும். நான் தள்ளிப் பார்க்கவில்லை. கனமாக இருந்ததை எடுத்தேன்.

உன் அடுப்புக் கல் லயத்துக்குப் பின்னால் அப்படியேதான் இருக்கிறது. மட்டியை வீட்டு அடுப்பில் ஏற்றவிட மாட்டாளே உன் மகராசி. மிளகாய், புளி, ஒரு துண்டு இஞ்சி போட்டுக் கொதிக்கவிட்டேன். வாசம் அவள் காம்பராவுக்குள் போனதும் கதவு திறந்தது. வந்து கல்லுக்குப் பக்கத்தில் குந்தினாள். ஒரு சிரட்டையில் ஊற்றிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தாள், துப்பினாள்.

"என்ன அண்ணே இது, சேறு."

மச்சான், இரண்டு மாதத்தில் அதுதான் முதல் பேச்சு. எனக்குத் துள்ளிக் குதிக்கத் தோன்றியது. காட்டிக்கொள்ளவில்லை.

"மட்டின்னா சேறு இருக்கத்தான் செய்யும்."

"ஓட்ட தள்ளிப் பாத்தியா?"

"எதுக்கு? கனமா இருந்திச்சு, எடுத்தேன்."

"ஒன் தலயும்தான் கனமா இருக்கு. ஒடச்சா உள்ள இதுதான் இருக்கும்." அப்புறம் சிரட்டையையே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அந்த மனுசன் ஒண்ணு விடாம தள்ளிப் பாக்கும். ஒரு நாளாச்சும் என் வாயில மண்ணு பட்டதில்ல."

அழுதாள். நான் அடுப்பை ஊதுகிற மாதிரி குனிந்துகொண்டேன். புகை நல்லதுதான், இரண்டு பேருக்கும்.

டின்னில் இருந்ததையெல்லாம் கவிழ்த்துக் கொட்டினாள். நான் பட்ட பாடு அத்தனையும் மண்ணுக்குப் போனது. டின்னை மண் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். சேலையை இழுத்துச் செருகினாள்.

"இரு புள்ள. மன்னார்ல அன்னிக்கு ஒன் புருசன் எங்கிட்ட என்ன கேட்டான் தெரியுமா? நீ படுத்துக் கெடந்தப்ப, என்னயத் தனியாக் கூப்பிட்டு, இந்தப் புள்ளய எனக்கு..."

கேட்க அங்கே ஆள் இல்லை. டின்னைத் தூக்கிக்கொண்டு ஓயாப் பக்கம் இறங்கிவிட்டாள்.

அந்த அடுப்புக் கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். என் கண்ணுக்கு அவள் வெள்ளைச் சேலை மட்டும் தெரிகிறது. குனிகிறாள், நிமிர்கிறாள். ஒவ்வொரு தடவை நிமிரும்போதும் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்கிறாள். சிலதைத் தூர எறிகிறாள்.

சேற்று மட்டியை நான் தெரிந்தே போட்டேனா என்று கேட்பாய். கேள். நான் என்றைக்கு உனக்கு ஒழுங்காகப் பதில் சொன்னேன்?

ஒன்று மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன் மச்சான். அவள் ஏறி வந்து ஆக்குவாள். அவள் வயிறு நிறைகிறவரை நான் ஒரு மட்டியைக்கூடத் தொடமாட்டேன்.

உன் பெண்டாட்டிக்கு அண்ணன், உனக்கு என்றும் ஆகாத மச்சான்,
முத்துக்கறுப்பன்