அரை மணி நேரத்துக்கு ஒரு ஒட்டு

12 ஏப்ரல் 2006, புதன்

மதியத்திலிருந்து மழை. தேயிலைக் கம்பனிக் கந்தோர் பாதி காலி, புத்தாண்டுக்கு எல்லோரும் பஸ் பிடித்துவிட்டார்கள். கொழும்பிலிருந்து பேட்ச் சீடி வந்து சேர்ந்தது. உறை நனைந்து, சீடி நனையாமல்.

15ஆம் தேதியிலிருந்து நாட்டின் நேரம் அரை மணி பின்னுக்கு. அரசாங்கத்துக்கு ஓர் அறிவித்தலோடு வேலை முடிந்தது. மெஷின்களுக்கு யார் சொல்வது? நான்தான். பேட்ச் போட வேண்டியவை:

1. தோட்டங்களிலிருந்து கொழுந்துக் கணக்கு வந்து விழும் சேர்வர்
2. அதைச் சேர்த்து வைக்கும் சேர்வர்
3. அறிக்கை அடிக்கும் சேர்வர். மனேஜர் காலைத் தேநீரோடு படிப்பது இதைத்தான்.

ஒழுங்கு மாறக் கூடாது. முதலில் பக்கப். கடைசியில் நேரம் சரியா என்று ஒப்பிட்டுத் தாளில் கையெழுத்து. எங்கள் பிரிவில் என்னைத் தவிர இருப்பது நஸீர் மட்டும், கெலிஓயாக்காரன். அவனுக்கு இது பகிடி. "உம்மா காச்சட்டைக்கு ஒட்டுப் போடுற மாதிரித்தான். நீங்க என்னமோ ஒப்பரேஷன் மாதிரி செல்றீங்க நேசன்" என்றான். லீவில் வந்து செய்பவன் நான், பகிடி விடுபவன் அவன்.

எனக்குச் சிரிப்பு வேறு காரணத்துக்கு. 96இல் இங்கே நேரத்தை மாற்றியபோது இயக்கத்தின் கையிலிருந்த வன்னியில் மாற்றவில்லை. அன்றிலிருந்து கிளிநொச்சி பின்னே, இங்கே முன்னே. அக்கா அங்கே ஆசிரியை. ஞாயிறு நாலு மணிக்கு, அவளுடைய நாலு மணிக்கு, தொலைபேசிக் கடைக்கு வந்து நிற்பாள். 2002இல் பாதை திறந்து அவளைப் பார்க்கப் போனபோது ஓமந்தைச் சோதனைச்சாவடி தாண்டியதும் கை மணிக்கூட்டை அவளுடைய நேரத்துக்குத் திருப்பினேன். திரும்பி வந்த பிறகு மாற்ற மனம் வரவில்லை. நாலு வருஷமாகக் கையைப் பார்ப்பேன், அரை மணி கூட்டிக்கொள்வேன். கந்தோரில் அது பழுதுபட்ட மணிக்கூடு என்று நினைக்கிறார்கள். நினைக்கட்டும்.

மாலைச் செய்தி: திருகோணமலைச் சந்தையில் குண்டு, பிறகு கடைகளுக்குத் தீ. நான் அறை எடுத்திருக்கும் வீட்டுக்காரச் சிங்கள நோனா வானொலியின் சத்தத்தைக் குறைத்தாள். எனக்காகவா, அவளுக்காகவா தெரியவில்லை.

வாங்க: சவர்க்காரம், கந்தோர்ச் சுவர் மணிக்கூட்டுக்கு பற்றரி. முடி வெட்ட.

15, சனி

வெயில். தெருவில் ஒருவருமில்லை. கட்டம்பே தாண்டும்போது வெடிச்சத்தம், குனிந்துவிட்டேன். சீன வெடி. முச்சக்கரவண்டிக்காரன் கண்ணாடியில் என்னைப் பார்த்தான்.

காலையில் நோனா வீட்டிலுள்ள எல்லா மணிக்கூட்டையும் திருப்பிக்கொண்டிருந்தாள். நான் என்னுடையதைத் தொடவில்லை. அது இவர்களுடைய நேரமே இல்லையே.

9.00க்கு ஆரம்பம். காவலாளியிடம் கைத்தொலைபேசியைக் கொடுத்துவிட்டுத்தான் சேர்வர் அறைக்குள் போகலாம், விதி அது. பக்கப் சரி. முதலாவது சரி. இரண்டாவது ஒரு தடவை முரண்டு பிடித்தது. மூன்றாவது சரி. ஏசியில் விரல் விறைத்தது.

கடைசியில் ஒப்பிடப் போனால் சுவர் மணிக்கூடு நின்றிருக்கிறது. பற்றரி வாங்க மறந்தேன். கையைப் பார்த்தேன், 10.42. அப்படியென்றால் நேரம் 11.12. கொழுந்துச் சேர்வர் 10.42 காட்டுகிறது. அரை மணி குறைவு. ஒட்டு இரண்டு தடவை விழுந்திருக்க வேண்டும், இந்தச் சனியன் அப்படிச் செய்யும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். கையால் அரை மணி முன்னே தள்ளினேன். மற்ற இரண்டும் அதனிடமிருந்துதான் நேரம் எடுக்கும், அவையும் சரியாகின. தாளில் எழுதினேன்: "கை மணிக்கூட்டுடன் ஒப்பிட்டுத் திருத்தப்பட்டது." கையெழுத்து.

மாலை நோனா கொக்கிஸும் வாழைப்பழமும் தந்தாள். நல்ல நாள்.

16, ஞாயிறு

நாலு மணிக்கு எடுத்தேன். லைன் இல்லை. பதினொரு தடவை. அக்கா அங்கே நின்றிருப்பாள்.

18, செவ்வாய்

கந்தோர் திறந்தாயிற்று. ஆளாளுக்கு ஒரு நேரம். ஒருவர் வந்து காத்திருக்கிறார், ஒருவர் பிந்தி வந்து புது நேரம் என்கிறார். தேநீர் போடும் பண்டா என் கையைப் பிடித்துப் பார்த்து, நேசன் மாத்தயாவின் மணிக்கூடு புத்தாண்டோடு திருந்திவிட்டது என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

அறிக்கையில் எல்லாத் தோட்டத்து லொறிகளும் மலையிலிருந்து பெக்டரிக்குப் பிந்தி வந்திருக்கின்றன. சாரதிகளுக்குப் புத்தாண்டில் குடித்த கசிப்பு இன்னும் இறங்கவில்லை என்றார் மனேஜர்.

20, வியாழன்

மழை. மற்றத் தோட்டங்களை மழை, ரோட்டு என்று சொல்லி விட்டுவிட்டார்கள். அந்தப் பாதைகள் ஒரு நாளைப் போல ஒரு நாள் இருப்பதில்லை. மடுல்கெல்லப் பக்கத் தோட்டத்தில் மட்டும் கொழுந்து நிறுக்கும் இடத்திலிருந்து பெக்டரிக்குக் கிட்ட. எப்போதும் இருபது நிமிஷம். இப்போது மூன்று நாளாக ஐம்பது. நிறையும் நாலைந்து கிலோ குறைவு. ஈரக் கொழுந்து வடிந்தால் குறையும்தான், ஆனால் மனேஜர் இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டார். லொறிக்காரன் வழியில் நிறுத்தி வெளியாருக்குக் கொழுந்து விற்கிறான் என்பது அவர் முடிவு.

என்னைக் கூப்பிட்டு மெஷின் சரியா என்று கேட்டார். போன சனிக்கிழமைதான் பேட்ச் போட்டுச் சரிபார்த்தேன், மெஷினில் பிழை வராது என்றேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். சாரதியின் பெயர் சந்தனம். திங்கள் விசாரணை.

23, ஞாயிறு

லைன் கிடைத்தது. அக்காவுக்கு இருமல். சோதனைத் தாள் திருத்துகிறாளாம். சனம் பங்கர் வெட்டத் தொடங்கிவிட்டதாம், அதை மாம்பழ விலை சொல்லும் குரலில் சொன்னாள். பிறகு சிரித்துக்கொண்டு:

"தம்பி, இனி நீ கூட்டிக் கழிக்கத் தேவையில்லை. உங்கட நேரமும் எங்கட நேரமும் இப்ப ஒண்டுதானே."

ஓம் என்றேன். வேறு என்ன பேசினேன் என்று நினைவில்லை.

ஒன்றுதான். 15ஆம் தேதி காலையிலிருந்து ஒன்றுதான். கை 10.42 என்றால் நேரமும் 10.42. சேர்வர் சரியாக இருந்தது. பழக்க தோஷத்தில் அரை மணி கூட்டி, சரியாக இருந்ததைப் பிழையாக்கிவிட்டு வந்திருக்கிறேன். விசரன். படித்த விசரன்.

கொழுந்து நிறுக்கும் நேரத்தைத் தோட்டத்தில் கையால் எழுதுகிறார்கள், பெக்டரிக்கு வந்த நேரத்தைச் சேர்வர் போடுகிறது. அந்த லொறி எங்கேயும் நிற்கவில்லை. இருபது நிமிஷத்தில்தான் வந்தது.

சோறு இறங்கவில்லை.

24, திங்கள்

6.30க்கே கந்தோர். சேர்வர் அரை மணி முன்னே. பின்னுக்கு இழுத்தேன். இன்றைய அறிக்கை சரியாக வந்தால் மனேஜருக்குத் தானே விளங்கும், நான் வாய் திறக்கத் தேவையிராது என்று நினைத்தேன். எழுதவே வெட்கமாயிருக்கிறது.

சந்தனம் பத்து மணிக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும். பிலிமத்தலாவையில் மகளைக் கட்டிக் கொடுத்திருக்கிறாராம், அவள் வீட்டுக்கு வந்து சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். வாங்கில் உட்கார்ந்திருந்தவர் என்னைக் கண்டதும் எழுந்தார்.

"நீங்கதானே சார் கம்ப்யூட்டர் பாக்குறவங்க? நான் எங்கயும் நிப்பாட்டலைங்க. இல்லாத அரை மணிய எங்க போச்சுன்னு கேட்டா, நான் எங்கேர்ந்து எடுத்துக் குடுப்பேன்?"

பார்க்கிறேன் என்றேன். என்னத்தைப் பார்க்க?

மதியம் அறிக்கை வந்தது. இன்று வேறு சாரதி ஓட்டிய அதே லொறி. இருபது நிமிஷம். மனேஜர் தாளை மேசையில் தட்டினார். ஆள் மாறியதும் லொறி நேரத்துக்கு வருகிறது, இதைவிட என்ன சாட்சி வேண்டும்? நான் காலையில் திருத்தியதே அந்த மனுஷனுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. சந்தனம் வேலையிலிருந்து நிறுத்தம். மாத முடிவில் தோட்டத்து வீட்டை விட வேண்டும்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். பாவம் இடத்தில் இருப்பவன் நான், மதியம் சோறு சாப்பிட்டேன்.

25, செவ்வாய்

காலை நஸீரிடம் எல்லாம் சொன்னேன். 15ஆம் தேதி மணிக்கூட்டைப் புது நேரத்துக்குத் திருப்ப மறந்துபோனதாகச் சொல்லலாமா என்று கேட்டேன். அதுவும் சரிவராது என்றான். என் மணிக்கூடு நாலு வருஷம் கணக்காக அரை மணி பின்னே ஓடியது பண்டாவுக்குக்கூடத் தெரியும். புது நேரம் வந்த அன்றே அது சரியானதும் தெரியும். நாட்டில் அந்த நேரம் எங்கே ஓடியது என்று மனேஜருக்குக் கணக்குப் போடத் தெரியாதா?

பின்னேரம் சொல்லிவிடுவது என்று முடிவு.

பின்னேரம் கொழும்பில் குண்டு. இராணுவத் தலைமையகத்தில். கந்தோரில் எல்லோரும் தொலைபேசியில். என்னிடம் ஒருவரும் முகம் கொடுக்கவில்லை, நஸீர் மட்டும் மேசைக்குப் பக்கத்தில் வந்து மெல்ல, "இன்டெக்கி வாணாம். இன்டெக்கி வாயத் தொறக்க வாணாம்" என்றான்.

பஸ்ஸில் சோதனை. சட்டைக் கையை இழுத்து மணிக்கூட்டை மூடினேன். மணிக்கூட்டில் என்ன எழுதியா இருக்கிறது? இருந்தும் மூடினேன்.

26, புதன்

மழையுமில்லை, வெயிலுமில்லை.

சந்தனத்தைப் பொலிஸ் கொண்டுபோய்விட்டது. தோட்டத்திலிருந்து செய்தி. தமிழ் சாரதி, ஒவ்வொரு நாளும் கணக்கில்லாத அரை மணி, யாரைச் சந்தித்தான், என்ன ஏற்றினான். கொழுந்துத் திருட்டு நேற்றோடு வேறு வழக்காகிவிட்டது. மனேஜரே இதை எதிர்பார்க்கவில்லை போலும், முகம் வெளிறியிருந்தது. அந்த அறிக்கையை அவர்கள் கையில் கொடுத்தவர் அவர்தான். அடித்துக் கொடுத்தவன் நான்.

சொன்னால்: வேலை போகும். மணிக்கூட்டுக் கதை போகும் இடத்துக்குப் போகும். அக்காவின் பெயர் ஒரு கோப்பில் ஏறும்.
சொல்லாவிட்டால்: அவரிடம் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அவர் என்ன பதில் சொன்னாலும் பொய்யாகத்தான் இருக்கும்.

நோனா, வீட்டில் தங்குபவர்களைப் பொலிஸில் பதியும் தாளில் என் பெயர் சரியா என்று கேட்டாள். இரண்டு தடவை கேட்டாள்.

பயமாயிருக்கிறது. வேறு சொல் இல்லை.

27, வியாழன்

சொல்லிவிட்டேன்.

8.40. பேட்ச் தாளை மேசையில் வைத்தேன். சிங்களத்தில் தொடங்கி, தடக்கி, ஆங்கிலத்தில் முடித்தேன். மனேஜர் தாளை மூன்று தடவை படித்தார். பிறகு என் கையைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார், அங்கே இப்போது புது பற்றரியோடு மணிக்கூடு ஓடுகிறது. இரண்டும் ஒன்று.

இது யாருடைய நேரம் என்று கேட்டார்.

"அக்காவுடைய நேரம், சேர்."

நாலு வருஷமாக அவரும்தான் இந்த மணிக்கூட்டைப் பகிடி பண்ணியிருக்கிறார். இன்று பகிடி இல்லை. என் முன்னாலேயே பொலிஸுக்குத் தொலைபேசி எடுத்து, மெஷினில் பிழை, சாரதி மேல் குற்றமில்லை என்றார். இரண்டு தடவை உரத்துச் சொன்னார். வைத்துவிட்டு சேர்வர் அறைச் சாவியைக் கேட்டார். கொடுத்தேன். தலைமைக் கந்தோருக்கு நடந்ததை நடந்தபடி எழுதாமல் விட்டால் தன் தலை போகும் என்றார். விளங்குகிறது என்றேன். உண்மையாகவே விளங்கியது. அவர் மேல் கோபமில்லை. நான்கூட மூன்று நாள் என் தலையைத்தானே பார்த்தேன்.

வாசலில் நஸீர் நின்றான். தன் தேநீரை என் கையில் தந்தான்.

28, வெள்ளி

சந்தனம் தொலைபேசி எடுத்தார். நேற்று மாலை விட்டுவிட்டார்களாம். "மெஷின்ல பழுதுன்னாங்க சார். நீங்கதான் தேடிக் கண்டுபுடிச்சிச் சொன்னீங்களாம். நல்லாருப்பீங்க."

பேச்சு ஒரு பக்கத்து வாயால் வருவது போலிருந்தது. என்ன நடந்தது என்று கேட்டேன். ஒன்றுமில்லைங்க, பல்லு ஒன்று ஏற்கனவே ஆடிக்கொண்டிருந்தது என்றார். திங்கட்கிழமையே சொல்லியிருந்தால் அந்தப் பல் இருந்திருக்கும்.

பழுது மெஷினில் இல்லை, என்னில் என்று சொல்ல வாயெடுத்தேன். அவருடைய காசு முடிந்து லைன் வெட்டுப்பட்டுவிட்டது.

30, ஞாயிறு

காலை மழை. பத்தரைக்கு மணிக்கூட்டுக் கதையைக் கேட்டுக்கொண்டு பொலிஸ் இருவர் வீட்டுக்கு வந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். நோனா அவர்களுக்குத் தேநீர் கொடுத்தாள், கதிரை போட்டாள். என்னைப் பார்க்கவில்லை. அவர்கள் போனபின் என் அறை வாசலில் ஒரு கோப்பை வைத்திருந்தாள், ஆறிப்போய்.

நாளை மே தினம், லீவு. செவ்வாய் பத்து மணிக்கு நிலையத்துக்குப் போக வேண்டும். கொண்டு போக: அடையாள அட்டை, கந்தோர்க் கடிதம், கிளிநொச்சித் தொலைபேசிக் கடையின் இலக்கம், மணிக்கூடு.

நாலு மணிக்கு அக்கா. முதல் தடவையே லைன் கிடைத்தது. இருமல் குறைந்திருக்கிறதாம். வேலை எப்படி என்று கேட்டாள், நல்லம் என்றேன். அடுத்த ஞாயிறும் நாலுக்குத்தானே என்றாள். ஓம் என்றேன்.

முடி இன்னும் வெட்டவில்லை. நாளை கடை பூட்டு.

செவ்வாய் பிந்தாமல் வரச் சொன்னார்கள். மணிக்கூடு சரியாகத்தான் ஓடுகிறது.