ரிப்பன் பிரிக்காத பெட்டி

மார்ச் 3

மருமகளுக்கு,

நான் நலம். நீ, என் மகன், பேத்தி மூவரும் அப்படியே இருக்க வேண்டியது. போனில் பேசினால் நாளைக்கு "நான் அப்படிச் சொல்லலையே" என்பார்கள். எழுத்து என்றால் மறுக்க முடியாது. நாலாம் வகுப்போடு நின்றவள், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் பரிசுக் கடையிலிருந்து அனுப்பிய பெட்டி வந்தது. போன வருஷம் மணக்கும் மெழுகுவத்தி. கரண்டு போனபோது ஏற்றினேன். வெளிச்சம் கொஞ்சம், வாசம் ஊருக்கே. அதற்கு முன்னால் திண்டுக்கு உறை. என்னிடம் திண்டு கிடையாது. அதனால் இந்தத் தடவை பிரிக்கவே இல்லை. மாடி வீட்டு டீச்சர் பிறந்தநாளுக்கு ரிப்பனோடு கொடுத்துவிட்டேன்.

வீட்டுக்கு ஏன் வருவதில்லை என்று கேட்டிருந்தாய். உங்கள் புது வீட்டைப் பார்க்க வந்த அன்று, பூட்டின கதவுக்கு முன்னால் படியில் உட்கார்ந்திருந்தேன். மணி ஒன்று ஐம்பதிலிருந்து மூன்று வரை. உனக்கு வாங்கிய சுவர்க்கடிகாரம் மடியிலேயே ஓடிக்கொண்டிருந்ததால் ஒரு நிமிஷம் தப்பாது. நீ வந்து, "சொல்லிட்டு வந்திருக்கக் கூடாதா அத்தை?" என்றாய். ஒன்பது வருஷம் ஆகிறது. பெற்ற பிள்ளை வீட்டுக்குச் சொல்லிவிட்டு வர நான் என்ன விருந்தாளியா?

அத்தை

மார்ச் 11

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதத்தைக் கடையில் நின்றபடியே படித்தேன். அந்தப் பெட்டியையா கொடுத்தீர்கள்?

ஒரு நாளைக்கு நாற்பது பெட்டி கட்டுகிறேன். பிறந்தநாளுக்கு எது, புது வீட்டுக்கு எது, பண்டிகைக்கு எது என்று வருபவர் முகத்தைப் பார்த்தே எடுத்துக் கொடுப்பேன். உங்களைப் படியில் உட்கார வைத்ததற்கு எதைக் கட்டுவது என்றுதான் தெரியவில்லை. மெழுகுவத்தியும் உறையும் அப்படி அனுப்பியவையே. இந்த முறை சாவி மாட்டும் மரப்பலகை. அதில் நாலு கொக்கி. ஒன்றில் எங்கள் வாசல் சாவியை மாட்டியிருந்தேன். நிஜச் சாவி.

வெளியாள் கையில் சாவி இருக்கிறதே, பூட்டை மாற்றலாம் என்கிறார் உங்கள் மகன். மாதக் கடைசிவரை பொறுக்கச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் மருமகள்

மார்ச் 19

மருமகளுக்கு,

மாடி ஏறினேன். முழங்கால் இன்னும் வலிக்கிறது, அதையும் உன் கணக்கில்தான் வைத்திருக்கிறேன்.

"ஏம்மா டீச்சர், அந்தப் பலகையில ஒரு சாவி இருந்துச்சா?"

"ஆமா பாட்டி! அழகுக்கு வெச்சதுன்னு நெனச்சேன். மங்கலா இருந்துச்சா, தங்கக் கலர் அடிச்சுட்டேன். சோபாவுக்கு நல்லா மேட்ச் ஆகுதுல்ல?"

"சோபாவுக்கு ஆகுதும்மா. என் மகன் வீட்டுப் பூட்டுக்கு ஆகணுமே!"

கொடுத்ததைத் திருப்பிக் கேட்கும் பழக்கம் எனக்கு இல்லை. பலகை அங்கேயே இருக்கட்டும் என்று சாவியை மட்டும் வாங்கி வந்தேன். ரெண்டு நாள் உட்கார்ந்து பெயிண்டைச் சுரண்டினேன். சாவியின் பல்லிடுக்கில் மட்டும் கொஞ்சம் தங்கம் மிச்சம்.

பூட்டை மாற்ற வேண்டாம் என்று அவனிடம் சொல். இருபத்தாறாம் தேதி மதியம் வருகிறேன். நீ கடைக்குப் போய்விடு. எனக்காகக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றால், அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிடுவேன். படியை மறந்துவிட்டேன் என்றும் நினைக்காதே.

சொல்லிவிட்டு வரச் சொன்னாயே. சொல்லிவிட்டேன்.

அத்தை