ரூபாவின் குண்டெறி நாற்காலி

திருப்பதி
4.10.2024

ரூபாவுக்கு, வேங்கடேஷ் எழுதுவது.

நாற்காலி முடிந்தது. எங்கள் காலேஜ் ஒர்க்‌ஷாப்பில் நானே வெல்டிங் அடித்தேன். சித்தூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டிருக்கிறேன், கூடவே இந்தக் கடிதம். இடுப்பிலும் தொடையிலும் பட்டையை இறுக்கிக்கொண்டால் உடம்பு ஆடாது, எறிகிற கைக்கு முழு பலமும் வரும். டிசம்பர் பதினைந்தில் குண்டு எறிதலுக்கு மாநில அணித் தேர்வு. தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பழகி, எங்கே வலிக்கிறது என்று எழுதுங்கள். சரிசெய்து தருகிறேன்.

வேங்கடேஷ்


கங்காதர நெல்லூர்
2.11.2024

மதிப்புக்குரிய வேங்கடேஷ் சாருக்கு வணக்கம்.

எங்கேயும் வலிக்கவில்லை. ஒரு மணி நேரம் என்றீர்கள், நான் மூன்று மணி நேரம் இறங்குவதே இல்லை. டிராக்டர் கவிழ்ந்து இடுப்புக்குக் கீழே விளங்காமல் போன இந்த நாலு வருஷத்தில் இப்போதுதான் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறேன். நேற்று ஐந்தரை மீட்டர் எறிந்தேன். பழைய பிளாஸ்டிக் சேரில் நாலைத் தாண்டியதில்லை. அம்மா கூலி வேலை முடிந்து வந்து குண்டைப் பொறுக்கிப் பொறுக்கித் தருகிறாள். "உன் சாரு எனுக்கு நல்லா வேல வச்சிக்கீறாரு" என்கிறாள். ஒரே குறை, அந்த ஆஸ்பத்திரிப் பச்சை பெயின்ட். வேறு கலரே கிடைக்கவில்லையா உங்களுக்கு?

ரூபா


சித்தூர் ஆஸ்பத்திரி
23.12.2024

சார்,

குப்புறப் படுத்துக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும். தேர்வில் ஐந்து எழுபது எறிந்தேன். தேர்வானவர்களில் என் பேரும் இருந்தது. மறுநாளே காய்ச்சல். உட்காரும் இடத்தில் புண், எலும்பு தெரிகிறதாம்.

தேர்வுக்கு மூன்று வாரம் முன்பே அம்மா கேட்டாள், "பாவாடைல ஈரமா கீதே, இன்னாடி?" தண்ணீர் சிந்திவிட்டது என்றேன். பிறகு கண்ணாடி வைத்துப் பார்த்தேன். எனக்குத் தெரியும் சார். சொன்னால் நாற்காலியைத் திருப்பி எடுத்துக்கொள்வீர்கள் என்று பயந்தேன். உங்கள் மேல் தப்பில்லை.

ரூபா


திருப்பதி
3.1.2025

ரூபா,

தப்பு என்னுடையதுதான். உணர்ச்சியே இல்லாத இடத்தை வைத்துக்கொண்டு எங்கே வலிக்கிறது என்று கேட்டிருக்கிறேன், முட்டாள். அளவெடுக்க வந்த அன்றும் கூச்சப்பட்டு வெளியே நின்றுவிட்டேன். உங்கள் அம்மா பாவாடை மடிப்பின் மேலேயே டேப் வைத்து அளவு சொன்னார்கள். அதனால் உட்காரும் பலகை அகலமாகிவிட்டது. ஒவ்வொரு எறிக்கும் நீங்கள் சறுக்கித் தேய்ந்திருக்கிறீர்கள். நான் உட்கார்ந்து பார்த்தேன், எனக்குச் சுகமாகத்தான் இருந்தது.

காற்று மெத்தை வைத்துப் புதிதாகச் செய்துகொண்டிருக்கிறேன், நீலப் பெயின்ட். அடுத்த வருஷத் தேர்வுக்கு நீங்கள் வர வேண்டும்.

வேங்கடேஷ்


கங்காதர நெல்லூர்
19.3.2025

வேங்கடேஷ் சாருக்கு,

ஜனவரிக் கடிதத்துக்குப் பிறகு நீங்கள் எழுதிய மூன்று கடிதங்களும் வந்தன. இரண்டு ஆபரேஷன் ஆகிவிட்டது. அரை மணி நேரத்துக்கு மேல் இனி நான் உட்காரக் கூடாது, எறிவதை மறந்துவிடு என்று டாக்டர் சொன்னார். என்னிடம் மட்டும்தான் சொன்னார். அம்மாவிடம் நான் சொல்லவில்லை. புது நாற்காலியை வேறு யாருக்காவது கொடுங்கள்.

உங்கள் கடிதம் வந்தால் அம்மா களையெடுத்த கையைக்கூடக் கழுவாமல் ஓடிவந்து பக்கத்தில் உட்கார்கிறாள். "எப்போ எறியப் போவலாமாம்? படி" என்கிறாள். நானும் இல்லாததையெல்லாம் சேர்த்துப் படிக்கிறேன். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதை இன்னொரு முறை செய்ய என்னால் முடியாது சார். இனி எழுதாதீர்கள்.

ரூபா